கோயில் திடலைப் பார்த்த மாடி அறைகள்

மாமல்லபுரத்தில் இரவு தங்குவோர் இரண்டு வகை. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மதிலுக்குள் இருக்கும் ரிசார்ட்டுகளுக்குப் போவோர் ஒரு வகை. தலசயனப் பெருமாள் கோயில், பேருந்து நிலையம், அர்ச்சுனன் தபசு மூன்றும் நெருங்கி நிற்கும் ஊர் நடுவில், பழைய லாட்ஜுகளின் மாடியில் அறை எடுப்போர் இன்னொரு வகை. ஊரின் உயிர்த்துடிப்பு பழைய லாட்ஜில்தான் கிடைக்கும் என்று பயணக் கட்டுரைகள் இப்போது இரண்டாவது வகையைப் புகழ்கின்றன.

புகழ்ச்சியில் நியாயம் உண்டு. தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயில்தான் சிற்பங்களின் மேல் நேராக விழும், பிற்பகலில் பாறை தன் நிழலுக்குள் போய்விடும். சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் வந்து மதியம் இறங்குகிறவருக்கு அந்த வெளிச்சம் கிடைப்பதில்லை. ஊருக்குள் தங்கியவர் முதல் பேருந்தின் ஹாரன் கேட்டு எழுந்து, சில நிமிடம் நடந்தால் பாறை முன் நிற்கலாம். மாசி மகத்துக்கு இருளர் குடும்பங்கள் கடற்கரைக்கு வந்து கூடுவதையும் மதிலுக்குள் இருந்துகொண்டு அறிய முடியாது.

ஆனால் இந்தப் புகழ்ச்சி அறையின் சீர்கேட்டையும் சேர்த்துப் பழமை என்கிறது. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்த கூரை, ஓதம் ஏறிய சுவர், கைப்பிடி இல்லாத செங்குத்தான படி, வழுக்கும் குளியலறை ஆகியவற்றில் பழமையின் அழகு எதுவும் இல்லை. முட்டி வலியோடு பெருமாளைச் சேவிக்க வரும் மூதாட்டிக்கு அந்தப் படி ஆபத்து. சன்னல் வழியே திடலைப் பார்த்து மகிழ்ந்து எழுதுகிறவர்கள், அந்தச் சன்னல்வரை ஏறிவர முடியாதவர்களை நினைப்பதே இல்லை.

இந்தச் சீர்கேட்டுக்கு உரிமையாளர்கள் சொல்லும் சமாதானம், தொல்லியல் சட்டம் கையைக் கட்டிவிட்டது என்பது. அது பாதி உண்மை. பாதி உண்மை என்பதாலேயே எளிதாக எடுபடுகிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் வட்டத்தில் புதிதாகக் கட்டவோ மாடி ஏற்றவோ தனியாருக்கு வழியில்லை; லிப்ட் கூண்டு எழுப்புவதும் கடினம்தான். ஆனால் அதே திருத்தம் சேர்த்த 20சி பிரிவு, 1992 ஜூன் 16க்கு முன்பிருந்த கட்டடத்தின் உரிமையாளர் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் உரிய அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம் என்கிறது. இரண்டாவது வட்டத்திலோ, அனுமதி பெற்றுப் புதிதாகக் கட்டவே இடமுண்டு. அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கும், காலம் ஆகும், அதை மறுப்பதற்கில்லை. அதற்காக ஓதம் ஏறிய சுவரை ஆண்டுக்கணக்கில் வெள்ளையடித்து மறைப்பதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. படிக்குக் கைப்பிடி, சொரசொரப்பான தரை ஓடு, கீழ்த்தள அறையை முதியவர்களுக்கு ஒதுக்குவது ஆகியவை உரிமையாளரின் மனத்தையே சார்ந்தவை.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மாமல்லபுரத்துக்குப் புதிய பேருந்து முனையம் அமைக்கும் வேலையை எடுத்திருக்கிறது. பேருந்துகள் அங்கே மாறினால் கோயில் திடலின் இரைச்சல் குறையும், மாடி அறைகளுக்கு வாடகையும் ஏறக்கூடும். அதற்கு முன் அந்த அறைகள் பழுதுபார்க்கப்பட வேண்டும். 20சி பிரிவில் ஒரு விண்ணப்பம்கூடப் போடாத உரிமையாளர் சட்டத்தின் மேல் பழி போடுவதை இனி யாரும் ஏற்கக் கூடாது.