யார் யாருக்குக் கணக்குக் காட்டுவது?

பழையசீவரத்தில் அக்கா வீட்டில் நடந்தது இது. அக்கா மகன் பத்தாவது படிக்கிறான். பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தோம். அதில் ஆட ஒரு விளையாட்டையும் காசு கொடுத்து வாங்கித் தந்தேன். எதிராளி கிடையாது, பந்தயம் கிடையாது. ஒருவன் தனியாக ஒரு காட்டுக்குள் அலைகிற ஆட்டம். திறந்தால் திரையில் ஒரு கட்டம்: கணக்குத் தொடங்கு. மின்னஞ்சல், பிறந்த தேதி, நாடு, செல்பேசி எண். "அக்கவுண்ட் போட்டாத்தான் மாமா உள்ளயே உடுது" என்றான். யாரும் சொல்லித் தராமலே வயதை ஆறு வருடம் கூட்டிப் போட்டான். எண் மட்டும் அக்காவுடையது. ஓடிபி அதற்குத்தான் வரும். மறுவாரம் இரண்டு நாள் நெட் இல்லை. ஆட்டம் திறக்கவில்லை. "நாம காசு குடுத்து வாங்குனதுதானேடா?" என்று அக்கா கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டுக்குப் போய் இவ்வளவு கோட்பாடா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எனக்கு இது விளையாட்டுப் பிரச்சினை இல்லை, பெயர்ப் பிரச்சினை.

என் பதினைந்து வயதில் வாலாஜாபாத்தில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போவோம். வாசலில் ஒரு நோட்டு. பெயர், நேரம், கையெழுத்து. நான் ஒருநாள் ரஜினிகாந்த், ஒருநாள் பாரதிதாசன். கல்லாவில் இருந்த அண்ணன் நிமிர்ந்தே பார்க்கமாட்டார். உள்ளே கவுன்ட்டர் ஸ்ட்ரைக். எங்களோடு வந்த காலனி நண்பன் தனக்குச் 'சோழன்' என்று பெயர் வைத்துக்கொண்டான். ஊர்த்தெருப் பையன்கள் "சோழன் வந்துட்டான்டா, ஓடு" என்று கத்துவார்கள். ஒரு மணி நேரம். வெளியே வந்து பஸ் ஏறினால் அவன் மறுபடி காலனிப் பையன்தான். ஆட்டம் சாதியை ஒழித்தது என்று நான் சொல்லவரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவனை யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். இதன் அருமை சிறுபத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாதா? வேலைக்குப் பயந்தும், சாதி தெரியாமலிருக்கவும், சில சமயம் வெறும் உற்சாகத்திலும் புனைபெயரில் எழுதியவர்கள் தானே நாம்.

அந்த நோட்டைச் சட்டம் பிடித்துக்கொண்டது. 2011இல் வந்த மத்திய அரசின் சைபர் கஃபே விதிகள் அடையாள அட்டை இல்லாமல் யாரையும் உட்காரவைக்கக் கூடாது என்றன. பதிவேட்டை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றன. தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்றன. நாலரை அடி! பெந்தாமின் சிறையைப் பற்றிப் பூக்கோ எழுதியதை நாம் பாரீஸ் சமாச்சாரமாகப் படித்துக்கொண்டிருந்தோம். அது அங்குலக் கணக்கில் நம் கடைத்தெருவுக்கே வந்துசேர்ந்தது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பூக்கோ காட்டிய கைதி பார்க்கப்படுகிறான். இன்றைய ஆட்டக்காரன் தன்னைத் தானே நிரப்பித் தருகிறான், அதுவும் ஆசையோடு. இது ஒரே நாளில் வந்ததல்ல. 2004இல் 'ஹாஃப் லைஃப் 2' வந்தபோது, பெட்டியில் வட்டு வாங்கியவர்களும் ஸ்டீம் கணக்கு இல்லாமல் ஆட முடியவில்லை. 2012இல் 'டயாப்லோ 3'ஐத் தனியாக ஆடுபவரும் கம்பெனியின் சர்வரோடு இணைந்தேயிருக்க வேண்டியிருந்தது; வெளியான அன்று சர்வர் திணற, வாங்கியவர்கள் வாசலிலேயே நின்றார்கள். திருட்டுப் பிரதியைத் தடுக்கத்தான் இது என்பது கம்பெனிகளின் வாதம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, எங்கள் சென்டரே சாட்சி. ஆனால் திருடனைப் பிடிக்கப் போட்ட வலையில் வாங்கியவன்தான் நாள்தோறும் சிக்குகிறான். சேர்த்த விவரத்தையாவது காத்தார்களா? 2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் வலைப்பின்னலிலிருந்து ஏறத்தாழ 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்கள் களவுபோயின.

2024 மே மாதம் அதே சோனி, 'ஹெல்டைவர்ஸ் 2'ஐக் கணினியில் ஆடுபவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கோடு இணைந்தே தீரவேண்டும் என்று அறிவித்தது. அந்தக் கணக்கே கிடைக்காத நாடுகள் நூற்றுக்கும் மேல். இலங்கையும் அதில் ஒன்று. யாழ்ப்பாணத்துப் பையன் உள்ளே போகவேண்டுமானால் நாட்டை மாற்றிப் பொய் சொல்லவேண்டும். ஆட்டக்காரர்கள் கூட்டமாக எதிர்த்தார்கள். சில நாட்களில் சோனி பின்வாங்கியது. எதிர்த்தால் நடக்கும் என்பதற்கு இதைக் குறித்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரலில் ஆஸ்திரியாவில் நோயிப் என்ற அமைப்பு யூபிசாஃப்ட் மீது புகார் கொடுத்தது. 'ஃபார் க்ரை பிரைமல்' தனியாள் ஆட்டம். பத்தே நிமிடத்தில் 150 தடவை அது வெளிச் சர்வர்களோடு தொடர்புகொண்டது என்பது புகார். தனியாகத்தான் ஆடுகிறோம் என்பது நம் பிரமை.

இங்கே ஒரு மறுப்பு வரும், வரவேண்டும். ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து தற்கொலை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. 2022இல் நீதிபதி சந்துரு குழுவும் அதன்பின் சட்டமும் வந்தது அதனால்தான். 2025 பிப்ரவரி விதிமுறைகள் பண விளையாட்டுக்கு ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின. நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆடத் தடை விதித்தன. அந்தரங்க உரிமை வரம்பற்றதல்ல என்று சொல்லி ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் அவற்றை ஏற்றது. ஆகஸ்டில் பண விளையாட்டையே மத்தியச் சட்டம் தடைசெய்தது. பணம் புழங்கும் இடத்தில் ஆள் யாரென்று கேட்பதை நான் எதிர்க்கவில்லை. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சொன்னதும் இதுதான்: நோக்கம் நியாயமாக இருக்கவேண்டும், தலையீடு அதன் அளவுக்கு மிஞ்சக் கூடாது. பணமுமில்லை, எதிராளியுமில்லை, காட்டில் அலைகிற பையனிடம் கேட்பதற்கு என்ன நோக்கம், என்ன அளவு?

அடையாளம் கேட்பது நம் மண்ணில் வெறும் பெயர் கேட்பதல்ல. அட்டையில் முகவரி இருக்கிறது. முகவரியில் தெரு இருக்கிறது. தெருவில் சாதி இருக்கிறது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்ததே இதற்கு ஒப்புதல் வாக்குமூலம். குழந்தைகளைக் காக்க வந்த 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவருக்குச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. சரிபார்க்க எதைக் கேட்பார்கள்? இன்னொரு அட்டையைத்தான். காப்பும் பதிவேடாகவே வருகிறது.

எங்கள் ஊரிலிருந்து பாலாற்றைத் தாண்டினால் உத்திரமேரூர். பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டுகளை நாம் ஜனநாயகத்தின் தொட்டில் என்று கொண்டாடிச் சலித்துவிட்டோம். அது பிராமண சபை. வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். உழுதவன் பெயர் எந்த ஓலையிலும் ஏறாது. ஆனாலும் அதில் ஒரு விதி என்னை நிறுத்துகிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும் அவன் உறவினர் பெயரும் ஓலையில் எழுதப்படலாகாது. அங்கே கணக்குக் காட்டவேண்டியவன் அதிகாரத்தில் இருந்தவன். இங்கே கணக்குத் தொடங்கவேண்டியவன் அதிகாரமே இல்லாதவன். சொல் ஒன்றுதான், திசை திரும்பிவிட்டது.

கம்பெனி காட்டட்டும் கணக்கு: என்ன எடுத்தாய், எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்பாய், யாருக்குக் கொடுத்தாய்? தனியாள் ஆட்டத்துக்குக் கணக்கே கேட்காதே. கேட்டே ஆகவேண்டிய இடத்திலும் புனைபெயருக்கு இடம் கொடு. இவற்றைத் தனிமனித உரிமை என்று மட்டும் நம் இயக்கங்கள் ஒதுக்கிவிட வேண்டாம்.

கிளம்பும்போது பையனிடம் கேட்டேன், ஆட்டத்தில் என்ன பேர் வைத்திருக்கிறாய் என்று. தன் சொந்தப் பெயரையும் இனிஷியலையும் சொன்னான். "வயச மட்டும் பொய்யாப் போட்ட, பேர ஏன்டா மாத்தல?"

"நம்பர் அம்மாதாச்சே மாமா. எப்படியும் நாம யாருன்னு தெரிஞ்சிடும்."