பொறுமை மட்டும் பத்தியம் ஆகாது

உடல் எடையைக் குறைப்பதற்கென்று வாரம் ஒருமுறை தோலுக்கு அடியில் செலுத்தப்படும் ஊசி மருந்துகளுள், டிர்செபடைடு மவுன்ஜாரோ என்ற பெயரோடு 2025 மார்ச் மாதத்திலும், செமாக்ளூடைடு வெகோவி என்ற பெயரோடு அதே ஆண்டு ஜூன் மாதத்திலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. 2.5 மில்லிகிராம் கொண்ட ஒரு வாரக் குப்பிக்கு 3,500 ரூபாய் என்று மவுன்ஜாரோவின் விலை தொடங்கியபோது, இது பெருநகரச் செல்வர்களின் விஷயம், நம் புதுக்கோட்டை போன்ற ஒரு மாவட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று பலர் எண்ணியிருக்கக் கூடும். செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிந்து, மற்றக் கம்பெனிகளும் அதைத் தயாரிக்க வழி திறந்த பின்னர் அந்த எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் மிகை எடையோ பருமனோ உடையவர்கள்; இத்தகைய நாட்டில் விலை இறங்க இறங்க இம்மருந்து ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் பொன்னமராவதிக்கும் வந்தே தீரும். எனவே, மருந்து வேண்டுமா வேண்டாமா என்ற தர்க்கத்தைவிட, அதனால் விளையும் உபாதைகளை நாம் எவ்வாறு கையாளப் போகிறோம் என்ற விசாரணையே இன்று முக்கியமானது.

அவ்வுபாதைகளைச் சமாளிப்பதற்கு மருத்துவ உலகில் வழங்கிவரும் முறை மூன்று அங்கங்களை உடையது. தாழ்ந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக மருந்தை ஏற்றுவது முதல் அங்கம். உணவைப் பற்றிய புத்திமதி இரண்டாவது. ‘பொறுத்துக்கொள்ளுங்கள், சில வாரங்களில் சரியாகிவிடும்’ என்ற ஆறுதல் மூன்றாவது. இவற்றுள் முதலாவது உண்மையிலேயே சிறந்தது. இரண்டாவது பாதி நல்லது. மூன்றாவது, விவேகத்தோடு சொல்லப்படாவிட்டால், அபாயத்துக்கு இடம் தருவது. இதுவே இக்கட்டுரையின் முடிபு; இதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உபாதை பிறக்கும் இடத்தை முதலில் அறிய வேண்டும். நாம் உண்டவுடன் குடலில் ஒருவகை ஹார்மோன் சுரந்து, இன்சுலினைத் தூண்டி, இரைப்பை காலியாகும் வேகத்தைத் தணித்து, மூளைக்குத் திருப்தியின் செய்தியை அனுப்புகிறது. இயற்கையான அந்த ஹார்மோன் சில நிமிஷங்களில் அழிந்துவிடுகிறது. அதைப் போலச் செய்யப்பட்ட செமாக்ளூடைடோ, பாதியளவு குறைவதற்கே ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறது. பசியை அடக்குகிற அதே சக்தி அளவு மீறும்போது குமட்டலாகவும், வாந்தியாகவும், மலச்சிக்கலாகவும் வெளிப்படுகிறது. 1,961 பேரைக் கொண்டு 68 வாரங்கள் நடத்தப்பெற்று 2021இல் வெளியான பரிசோதனையில், செமாக்ளூடைடு பெற்றவர்களின் எடை சராசரி 14.9 சதவீதம் குறைந்தது, அவர்களில் 44.2 சதவீதத்தினருக்குக் குமட்டலும், 24.8 சதவீதத்தினருக்கு வாந்தியும், 23.4 சதவீதத்தினருக்கு மலச்சிக்கலும் நேர்ந்தன. பலனும் உபாதையும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை ஆகையால், ஒன்றைக் கவனித்து மற்றொன்றை அலட்சியம் செய்கிற சிகிச்சை அரைச் சிகிச்சையே ஆகும்.

படிப்படியாக ஏற்றும் முறையின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. வெகோவியை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படியாக 0.5, 1, 1.7 என்று உயர்த்தி, 2.4 மில்லிகிராமை எட்டுவதற்கு நான்கு மாதம் ஆகிறது, மவுன்ஜாரோவும் 2.5இலிருந்து அவ்வாறே ஏறுகிறது. இரைப்பையும் மூளையும் புதிய நிலைமைக்குப் பழகிக்கொள்ள அவகாசம் கொடுப்பதே இதன் தத்துவம். மேற்சொன்ன பரிசோதனையில் இத்தனை பேர் குமட்டலை அனுபவித்தும், ஜீரண உபாதைகளின் காரணமாக மருந்தை அடியோடு விட்டவர்கள் 4.5 சதவீதத்தினரே என்பது இம்முறையின் வெற்றிக்குச் சான்று. அவசரத்தை விரும்புகிற ஒரு காலத்தில், அவசரப்படாதே என்று சட்டம் வகுத்த இந்த நிதானத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆயினும் ஒரு நல்ல விதி காலண்டரின் கட்டளையாக மாறும்போது தன் குணத்தை இழந்துவிடுகிறது. நான்கு வாரம் முடிந்துவிட்டது, அடுத்த படிக்கு ஏற வேண்டியதுதான் என்று எண்ணுவோர் உண்டு. முந்தின படியிலேயே வாந்தி ஓயாத ஒருவர் அங்கேயே இன்னும் சில வாரம் தங்கலாம், ஒரு படி இறங்கவும் செய்யலாம், தாழ்ந்த அளவிலேயே எடை போதிய வேகத்தில் குறைந்தால் உச்சத்தை நாடாமலே இருந்துவிடலாம் என்பதை நோயாளிக்கு எடுத்துச் சொல்வது அவசியம். நம் மாவட்டத்துக்கு இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. நிலக்கடலையையும் நெல்லையும் தென்னையையும் நம்பி வாழும் குடும்பங்களில் மாதந்தோறும் ஒரே அளவாகப் பணம் புரள்வதில்லை. கையில் பணம் இல்லாத மாதங்களில் ஊசியை நிறுத்திவிட்டு, அறுவடை முடிந்ததும் விட்ட இடத்திலிருந்தே பெரிய அளவைப் போட்டுக்கொள்வது எளிதில் நேரக்கூடிய பிழை. பல வாரம் இடைவெளி விழுந்தால் பழகிய உடல் பழக்கத்தை மறந்துவிடுகிறது. மறுபடியும் தாழ்ந்த படியிலிருந்து தொடங்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்காமல் அந்த ஊசியைத் தொடக் கூடாது.

அடுத்தது உணவுப் புத்திமதி. கொஞ்சம் கொஞ்சமாக உண்ணுதல், மெல்ல உண்ணுதல், எண்ணெயும் கொழுப்பும் மிகுந்தவற்றை விலக்குதல், வயிறு நிரம்பியதாகத் தோன்றிய கணமே நிறுத்துதல், உண்டவுடன் படுக்காதிருத்தல் ஆகிய இவை யாவும் சரீர தர்மத்துக்கு இசைந்தவை. குறை என்னவென்றால், இந்தப் புத்திமதி பெரும்பாலும் வேறொரு தேசத்துத் தட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆடி மாதத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்தில் நடக்கும் மொய் விருந்துகளை அது அறியாது. அங்கே ஆட்டுக்கறிக் குழம்போடு இலையில் குவியும் சோறு வெறும் சாப்பாடு அன்று; வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்யும் கடமையோடும் உறவின் மரியாதையோடும் பிணைந்த ஒரு சமூக ஏற்பாடு. ‘கறிச்சோறு உண்ணாதே’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால், நோயாளி அந்தக் கட்டளையை மீறுவார், அல்லது விருந்துக்கே போகாமல் மனம் குன்றுவார். இதைவிட நல்ல வழி உண்டு. செமாக்ளூடைடு ஊசி போட்ட ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் இரத்தத்தில் உச்ச நிலையை அடைகிறது. ஆகவே முக்கியமான விருந்துக்கும் கடும் உழைப்புக்கும் உரிய நாட்களை முன்கூட்டியே யோசித்து, ஊசி போடும் கிழமையை மருத்துவரின் சம்மதத்தோடு மாற்றி அமைத்துக்கொள்ளலாம். இரண்டு ஊசிகளுக்கு நடுவே செமாக்ளூடைடுக்கு இரண்டு நாட்களும் டிர்செபடைடுக்கு மூன்று நாட்களும் குறையாமல் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. இலையில் உட்கார்ந்தாலும் சோற்றைக் கைப்பிடியளவாகவும் கறியை இரண்டு துண்டாகவும் நிறுத்திக்கொள்ளக் கற்பிப்பது, விலக்கி வைப்பதைவிடப் பயன் தரும்.

உணவைப் பற்றிய இன்னொரு குறை இதைவிட ஆழமானது. எடை குறைகிறபோது கொழுப்பு மட்டும் குறைவதில்லை. குறைந்த எடையில் கணிசமான பங்கு, சில ஆய்வுகளில் ஐந்தில் இரண்டு பங்கு வரை, கொழுப்பல்லாத திசுவாக இருந்திருக்கிறது. மேல்நாட்டாரைவிட நமக்கு இது அதிகக் கவலை தர வேண்டும். ஏனெனில், அதே உயரமும் அதே எடையும் உள்ள ஐரோப்பியரைக் காட்டிலும் இந்தியருக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்பதைப் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக் முதலியோரின் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. இருக்கிற சிறு மூலதனத்தையும் இழந்துவிட்டால் முதுமையில் எழுந்து நடக்கவும் வலிமை இராது. குமட்டலுக்குப் பயந்து இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் காப்பியுமாக நாளை ஓட்டுகிறவர், எடை இறங்குவதைக் கண்டு மகிழ்ந்துகொண்டே பலத்தை இழக்கிறார். இதற்குப் பரிகாரமாக விலை உயர்ந்த புரதப் பொடிகளை வாங்கச் சொல்ல வேண்டியதில்லை. தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் நம் மாவட்டத்து வம்பனில்தான் இருக்கிறது. வம்பன் என்ற பெயரைத் தாங்கிய உளுந்து ரகங்களை உழவர்கள் நன்கு அறிவார்கள். உளுந்தங்கஞ்சி, வேகவைத்த பாசிப்பயறு, தட்டைப்பயற்றுச் சுண்டல், முட்டை, மோர், கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் வரும் மீனைக் குழம்பில் மிதக்கவிடாமல் ஆவியில் வேகவைத்தது ஆகியவற்றைச் சோற்றுக்கு முன்னால் சிறுசிறு பங்காக உண்பதும், தசைக்கு வேலை தரும் பயிற்சியைக் கைவிடாதிருப்பதுமே இந்த மண்ணுக்கு ஏற்ற பத்தியம்.

இனி மூன்றாவது அங்கத்துக்கு வருவோம். ‘சரியாகிவிடும்’ என்ற வாக்கு பெரும்பாலான குமட்டலுக்குப் பொருந்தும். ஆனால் எல்லா உபாதைக்கும் பொருந்தாது. பொறுத்துக்கொள்ள வேண்டியது எது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எது என்று பிரித்துக் காட்டாத ஆறுதல், நோயாளியின் நல்ல குணமான பொறுமையையே அவருக்கு விரோதமாகத் திருப்பிவிடுகிறது. நம் கிராமத்துப் பெண்கள் வலியைச் சொல்லாமல் சகிப்பதில் பழகியவர்கள். அவர்களிடம் போய் இன்னும் பொறுங்கள் என்று மட்டும் சொல்வது பெரும் தவறு. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பரவி, விடாமல் நீடிக்கும் கடுமையான வலி கணையத்தின் வீக்கமாக இருக்கலாம். வலது விலாவின் கீழ்ப் பிடிக்கும் வலியும் காய்ச்சலும் கண் மஞ்சளிப்பதும் பித்தப்பைக் கல்லைக் குறிக்கலாம். இவற்றில் எதுவும் காத்திருக்கத் தக்கதன்று.

சித்திரை, வைகாசி வெயிலில் வயலிலும் நூறு நாள் வேலையிலும் நிற்பவருக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்தால் உடலின் நீர் விரைவில் வற்றும். அவர் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை உண்பவராக இருந்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதடையக் கூடும். சிறுநீர் குறைந்து கறுத்தால், எழுந்து நின்றதும் தலை சுற்றினால், குடித்த நீரும் தங்காமல் போனால், அன்றே மருத்துவரைக் கண்டு எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவது என்று கேட்க வேண்டும். இந்த ஊசி தனித்து நின்றால் சர்க்கரையை அளவு மீறித் தாழ்த்துவது அரிது. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ துணை சேர்ந்தால் அந்த அபாயம் உண்டு. மீமிசலில் ரமலான் நோன்பு நோற்பவரும், நார்த்தாமலைப் பங்குனித் திருவிழாவுக்கு விரதம் இருப்பவரும் தொடங்குவதற்கு முன்பே மருந்தின் அளவைத் திருத்தி அமைத்துக்கொள்வது நலம். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளிடம் 2016இல் வெளியான செமாக்ளூடைடு ஆய்வில் விழித்திரைச் சிக்கல்கள் 3 சதவீதத்தினருக்கும், மருந்து பெறாதவர்களில் 1.8 சதவீதத்தினருக்கும் காணப்பட்டன. ஆகையால் அத்தகையோருக்கு முதல் ஊசிக்கு முன் விழித்திரைப் பரிசோதனை தவிர்க்கலாகாதது. டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் சக்தியைக் குறைக்கலாம் என்பதையும், கர்ப்பம் தரிக்க விரும்புவோர் செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்னதாகவே நிறுத்த வேண்டும் என்பதையும், அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதையும் எத்தனை பேர் அறிவார்கள்?

அபாயங்களை இவ்வளவு விரித்துரைத்தால் ஜனங்கள் பயந்து நல்ல மருந்தையே ஒதுக்கிவிடுவார்கள் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பருமனும் சர்க்கரையும் தாமே உயிரை அரிப்பவை, அவற்றைக் குறைக்கும் மருந்தை வீண் அச்சத்தால் இழப்பதும் நஷ்டமே. ஆனால் ஜனங்களை மருந்திலிருந்து விரட்டுவது தெளிந்த எச்சரிக்கையன்று. எதிர்பாராமல் வந்து, கேட்பாரின்றி நீடிக்கும் உபாதையே விரட்டுகிறது. மருந்தை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள் என்று ஆய்வு கூறுகிறது. உபாதை தாங்காமல் பாதியில் விட்டவருக்குப் பணமும் போயிற்று, பலனும் போயிற்று.

ஆகவே இம்முறையின் முதற்பெரும் குறை மருந்தில் இல்லை. நோயாளியைத் தனியே விட்டுவிடுவதில் இருக்கிறது. ஊசியை எழுதிக் கொடுத்த நிபுணர் திருச்சியிலோ மதுரையிலோ இருப்பார். வாந்தி வருவது கறம்பக்குடியில் நள்ளிரவில். இந்தத் தூரத்தைக் குறைக்கப் புதிய கட்டடம் தேவையில்லை. 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இங்கே நடந்துவருகிறது. 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். ஊசி போடுகிறீர்களா, தண்ணீர் தங்குகிறதா, சிறுநீர் எப்படி, வயிற்றுவலி உண்டா என்னும் நான்கு கேள்விகளை அவர்கள் கேட்கக் கற்பித்துவிட்டால், மருந்தைத் தனியாரிடம் வாங்கியவருக்கும் ஒரு துணை கிடைத்துவிடும். நேரும் தீங்குகளைத் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிப்பதும் வழக்கமாக வேண்டும். நம் வெயிலிலும் நம் உணவிலும் இம்மருந்து எப்படி நடந்துகொள்கிறது என்ற அறிவு நாமே சொன்னால்தான் சேரும்.

நிதானமாக மருந்தை ஏற்றும் கலையை மருத்துவ விஞ்ஞானம் நமக்குச் செம்மையாகக் கொடுத்திருக்கிறது, அதை ஏற்றுக்கொள்வோம். உணவுப் புத்திமதியை நம் வயலுக்கும் அடுப்புக்கும் ஏற்பத் திருத்தி எழுதிக்கொள்வோம். ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்ற சொல்லை மட்டும், எதுவரை பொறுக்கலாம், எங்கே யாரிடம் ஓட வேண்டும் என்ற இரண்டு வாக்கியங்கள் உடன் வராதபோது, எந்த மருத்துவரிடமிருந்தும் எந்த மருந்துக்கடைக்காரரிடமிருந்தும் ஏற்க மறுப்போம். அந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்ல நேரமில்லாதவர் இந்த ஊசியை எழுதிக் கொடுக்கும் தகுதியை இன்னும் பெறவில்லை.