பதிலளித்தவர் எண் 14

தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர் யாருக்காக எழுதுகிறார்? தோட்டத்து மக்களுக்கா, கோலாலம்பூர் நடுத்தர வர்க்கத்துக்கா, தமிழ்நாட்டு விமர்சகர்களுக்கா? மலேசிய இலக்கியக் கூட்டங்களில் இந்தச் சண்டையை நாம் போதுமான அளவு போட்டுவிட்டோம். ஆனால் அதே மக்களைப் பற்றி ஒவ்வொரு வருடமும் இன்னொரு வகை எழுத்தும் வந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் ஆய்வுக் கட்டுரை. சிறுகதைக்கு இல்லாத அதிகாரம் அதற்கு உண்டு. அமைச்சு மேற்கோள் காட்டும். நிபுணர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார். அடுத்த மானியம் அதன் மேல்தான் கட்டப்படும். அந்த எழுத்தின் வாசகர் யார் என்று நாம் கேட்டதே இல்லை.

நான் இருக்கும் லெம்பா பெர்த்தாம், அணைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தாக்கு. மேலே தேயிலை. 1929இல் ஜே. ஏ. ரஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். இன்று அந்த இடத்தில் வங்காளதேசத்துக்காரர்களும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் நிற்கிறார்கள். தேயிலை போன இடங்களில் காய்கறியும் பூவும், மேலே பிளாஸ்டிக் கூரை. நடுவில் 1963இல் எழுந்த சுல்தான் அபு பாக்கார் அணை. மலையைச் சுரண்டச் சுரண்ட மண் ஆற்றில் இறங்கி ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிந்தது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில், கனமழைக்குப் பின் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் சேற்றோடு இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்தது. உயிர்கள் போயின. வீடுகள் போயின.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஆய்வாளர்கள் வராமல் இருப்பார்களா? மண் எவ்வளவு படிகிறது, ஆற்றில் என்ன மருந்து கலக்கிறது, அணை உடைந்தால் தண்ணீர் எந்த இடத்துக்கு எத்தனை நிமிடத்தில் வரும், தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று எல்லாவற்றையும் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அளக்கட்டும், வேண்டிய வேலைதான். அளந்தது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கதை புதிதும் இல்லை. அணை வருவதற்கு ஏழு வருடம் முன்பே, 1956இல், அன்றைய மலாயாக் கூட்டரசின் மத்திய மின்சார வாரியம் கேமரன் மலை ஆறுகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. எழுதியவர் பி. ஜி. ஷாலோ. காடு பெருமளவு அப்படியே இருந்த தெலோம் ஆற்றையும், காடு வெட்டித் தோட்டம் போட்ட பெர்த்தாம் ஆற்றையும் அவர் ஒப்பிட்டார். வெட்டிய பக்கத்து ஆறு பல மடங்கு அதிக மண்ணைச் சுமந்து வந்தது. பொதுப்பணத்தில் ஒரு பொது நிறுவனம் செய்த ஆய்வு இது. இந்த ஆற்றோரம் வீடு கட்டியவர்களுக்கு அது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஆரூடம் சொல்லப்போவதில்லை. ஆனால் மண் அரிப்பு நிபுணர்கள் பல பத்தாண்டுகளாக அதை மேற்கோள் காட்டிவருகிறார்கள். பள்ளத்தாக்கில் ஒருவர் வாயிலும் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை.

இன்றைய ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆய்வுக்கு மானியம் கொடுப்பது உயர்கல்வி அமைச்சு, அதாவது நம் வரிப்பணம். ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே பணம். கட்டுரையைச் சரிபார்க்கும் சக ஆய்வாளர்களுக்கு இதழ் பெரும்பாலும் காசு கொடுப்பதில்லை. கட்டுரையை வெளியிடும் வெளிநாட்டுப் பதிப்பகம் அதைப் பூட்டி வைத்து, நம் பல்கலைக்கழக நூலகத்துக்கே சந்தாவாக விற்கிறது. நூலகத்தின் செலவும் நம் வரிதான். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர் ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க வேண்டுமானால் 30, 40 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். மருந்து அடிக்கிற வேலைக்குப் போகிறவருக்கு அது சில நாள் கூலி.

எங்கள் பக்கத்தில் மருந்து அடிக்கும் அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார். "அந்தப் பொண்ணு வந்து ரெண்டு மணி நேரம் கேட்டுட்டுப் போனிச்சே தம்பி, அது என்னாச்சு? புத்தகமா வந்துச்சா?"

வந்திருந்தது. வெளிநாட்டு இதழ் ஒன்றில். சுருக்கம் மட்டும் இலவசம். ஆய்வாளருக்கு மின்னஞ்சல் போட்டேன். நல்ல மனுஷி, மறுநாளே கட்டுரையை அனுப்பிவிட்டார். அட்டவணையில் அக்கா 'பதிலளித்தவர் எண் 14' ஆகியிருந்தார். வயதையும் வேலை பார்த்த வருடங்களையும் வைத்து அவரே தன்னைக் கண்டுபிடித்துச் சிரித்தார். முகமூடி அணியாததற்குக் கட்டுரை சொன்ன காரணம் 'விழிப்புணர்வின்மை'. அதைத் தமிழில் சொன்னதும் அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"தெரியாமலா கழட்டுறோம்? டாங்கிய முதுகுல கட்டிக்கிட்டு மேட்டுல ஏறுறப்ப மாஸ்க் போட்டா மூச்சு முட்டும். நின்னு மூச்சு வாங்குனா டாங்கி கணக்கு கொறையும். கணக்கு கொறைஞ்சா சம்பளம் கொறையும். இத நான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேனே."

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் காசுக் கணக்கிலிருந்து எழுத்தின் கணக்குக்கு மாறியது. 'விழிப்புணர்வின்மை' என்று எழுதினால் தீர்வு ஒரு பட்டறையும் சுவரொட்டியும். 'டாங்கி கணக்கு' என்று எழுதினால் தீர்வு கூலி முறையை மாற்றுவது. முதல் சொல்லை எழுதியவர் கெட்டவர் இல்லை. அந்தச் சொல்லைத் தவறு என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் தன் கட்டுரையைப் படிக்கப்போவதில்லை என்ற பாதுகாப்பில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அந்தப் பாதுகாப்பு அவருக்கே தெரியாது. இதழின் இரண்டு மதிப்பீட்டாளர்களும் மருந்து டாங்கியைத் தூக்கியவர்கள் இல்லையென்றால் அவர்களுக்கும் தெரியாது. வாசகர் யார் என்பது எழுத்தை மாற்றும். சிறுகதைக்கு நாம் ஒப்புக்கொண்ட உண்மை இது. ஆய்வுக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

நம்மைப் பற்றிய பெரிய நூல்களுக்கும் இதே வரலாறுதான். ரவீந்திர கே. ஜெயின் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்களிடையே தங்கி எழுதிய நூலை 1970இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. தோட்டத்துக்கு 'பால் மெலாயு' என்று மாற்றுப்பெயர் இட்டிருந்தார். மானுடவியலில் அது நல்ல வழக்கம், ஆட்களைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் பெயரும் மறைந்து, மொழியும் ஆங்கிலமாகி, விலையும் எட்டாமல் போகும்போது, அந்த நூலில் வாழ்ந்தவர்களே அதற்கு வெளியே நிற்கிறார்கள். 2002இல் தெனாகனித்தாவும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பின் ஆசிய பசிபிக் கிளையும் தோட்டத்தில் மருந்து அடிக்கும் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டன. அதன் நடையே வேறு. யாருக்காகப் பேசுகிறோம் என்று தெரிந்து எழுதியது முதல் பக்கத்திலிருந்தே தெரியும்.

'திறந்த அணுக்கம்' என்ற கோரிக்கையை நான் இந்தப் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறேன். 2002இன் புடாபெஸ்ட் அறிவிப்பு அதற்கு ஓர் உருவம் கொடுத்தது. பொதுப்பணத்தில் செய்த ஆய்வைப் பொதுமக்கள் காசில்லாமல் படிக்க முடிய வேண்டும். அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகம் 2008இல் இதைக் கட்டாயமாக்கியது. அதன் மானியம் பெற்ற ஆய்வு வெளிவந்த 12 மாதத்துக்குள் பொதுக் களஞ்சியத்துக்கு வர வேண்டும் என்றது. 2025 ஜூலை 1 முதல் அந்தக் காத்திருப்பும் இல்லை. ஐரோப்பிய நிதியமைப்புகள் 2018இல் 'பிளான் எஸ்' என்று அறிவித்து, 2021இலிருந்து உடனடித் திறப்பைக் கேட்டன.

ஆனால் பதிப்பகங்கள் சும்மா இருக்குமா? படிக்கிறவரிடம் வாங்கின காசை எழுதுகிறவரிடம் வாங்க ஆரம்பித்தன. 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரையைத் திறந்து வைக்க 9,500 யூரோ என்று 2020இல் அறிவித்தார்கள். பூட்டு கழன்றுவிடவில்லை, வாசலிலிருந்து கொல்லைப்புறத்துக்கு மாறியிருக்கிறது. ஒரு மலேசிய ஆய்வாளர் அந்தக் கட்டணத்தை மானியத்திலிருந்து கட்டினால், களப்பணிக்கு வர வேண்டிய பணம் பதிப்பகத்துக்குப் போகிறது. 'திறந்த அணுக்கம் கட்டாயம்' என்று மட்டும் சொல்லி, 'கட்டணம் கூடாது' என்று சொல்லாத எந்த விதியும் பதிப்பகங்களுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் காசோலைதான்.

இந்தியா இன்னொரு வழியில் போயிருக்கிறது. 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறக்கும். மாணவர்களுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் வால்பாறைத் தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர் இதற்குள் வரமாட்டார். பணத்தைக் கொட்டி மதிலைக் கொஞ்சம் அகலமாகக் கட்டியிருக்கிறார்கள். அதே இந்தியாவில் செலவு குறைந்த நல்ல உதாரணமும் உண்டு. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்கச் சொன்னது. அவை 'சோத்கங்கா' களஞ்சியத்தில் சேர்கின்றன. இன்று தமிழ்த்துறை ஆய்வேடுகளை நான் இந்த மலையில் உட்கார்ந்து படிக்கிறேன். தரம் எப்படி என்பது வேறு சண்டை. படித்துவிட்டுத்தானே சண்டை போட முடியும்!

நம் நாட்டில் விதை இல்லாமல் இல்லை. 'சயின்ஸ் மலேசியானா', 'காஜியான் மலேசியா', மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் 'தமிழ்ப் பேராய்வு' ஆகியவற்றை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். 2019இல் மலேசியத் திறந்த அறிவியல் தள முயற்சியும் தொடங்கியது. அதன் கவனம் பெரும்பாலும் ஆய்வுத் தரவுகளின் மேல். இவ்வளவு இருந்தும் ஒரு விரிவுரையாளருக்குப் பதவி உயர்வுப் புள்ளி கொடுப்பது ஸ்கோபஸ் பட்டியலின் மேல்தட்டு இதழ்கள்தான். அவரைத் திட்டிப் பயனில்லை. தராசு அப்படி.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் வரும். "திறந்து வெச்சா மட்டும் தோட்டத்துல யாரு படிக்கப்போறா?" இதைச் சொல்கிறவர்களில் நம் ஆட்களே அதிகம். பாதி உண்மைதான். அணை உடைப்புக் கணக்கீடுகள் சில இப்போதே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலமும் சூத்திரமுமாக இருக்கும் அவற்றை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் திறப்பதில்லை. அதனால்தான் பூட்டைக் கழற்றுவது முதல் படி மட்டுமே என்கிறேன். ஆனால் முதல் படியே இல்லாமல் இரண்டாவது படி கிடையாது. கட்டுரை திறந்திருந்தால் ஒரு ஆசிரியர் படிப்பார், ஒரு நிருபர் படிப்பார், ஸ்டூடண்ட் ஒருத்தர் தன் அம்மாவுக்குச் சொல்வார். அக்காவுக்கு அது எட்டியது அப்படித்தான். அதுவும் ஓர் ஆய்வாளரின் நல்ல மனசால். நல்ல மனசை நம்பி ஒரு நாட்டின் அறிவை நடத்த முடியாது.

ஆகவே மானிய ஒப்பந்தத்தில் மூன்று வரி வேண்டும். ஒன்று, இதழ் ஏற்றுக்கொண்ட அன்றே இறுதிப் பிரதி பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் சேர வேண்டும், எழுத்தாளர் கட்டணம் இல்லாமல். இரண்டு, யாரைப் பற்றிய ஆய்வோ அவர்கள் மொழியில் இரண்டு பக்கம். லெம்பா பெர்த்தாமுக்கு அது தமிழ், மலாய், சீனம், செமாய், வங்காளம், நேப்பாளி என்று நீளும். நீளட்டும். கேள்வித்தாளைக் கொண்டுவந்தபோது மொழிபெயர்ப்பாளர் கிடைத்தாரே. மூன்று, அந்த இரண்டு பக்கத்துக்கும் பதவி உயர்வில் புள்ளி வேண்டும். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் ஏட்டுச் சுரைக்காய்.

ஆய்வின் மொழி பன்மையாக இருக்க வேண்டும் என்று 2019இன் ஹெல்சின்கி முன்னெடுப்பு கேட்டது. நம் அரசுக்கு இது அந்நியச் சிந்தனையாகத் தோன்றினால், ஈழத் தமிழரின் நூலகம் இணையத் தளத்தைப் பார்க்கலாம். 2005இலிருந்து அங்கே தன்னார்வலர்கள் மலையகத்தின் துண்டறிக்கைவரை மின்வடிவாக்கி எவரும் படிக்கும்படி வைக்கிறார்கள். அமைச்சின் பணம் இல்லாமலே அவர்களால் முடிகிறது. நமக்குப் பணம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் மூன்று வரி மட்டும்தான் இல்லை.

அக்கா அந்தக் கட்டுரைக்குச் சொன்ன பதிலை நான் எழுதி ஆய்வாளருக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த கட்டுரையில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவும் பூட்டிய இதழில் வந்தால், அக்கா எந்த எண்ணில் இருக்கிறார் என்று தேட மறுபடியும் மின்னஞ்சல்தான் போட வேண்டும்.