தேவகியின் வரிசை: ஏலப்பாறைத் தேயிலை லயங்களில் குழந்தை வளர்ப்பும் தாலாட்டின் கூற்றும்

முன்னுரை

குழந்தையை விரும்பிப் பாடிய மொழி தமிழ். சிறு கை அளாவிய கூழின் சுவையை வள்ளுவர் உரைத்தார். குறுகக் குறுக நடந்து வந்து உண்கலத்தில் கையிட்டுச் சோற்றை மெய்யெங்கும் சிதறும் பிள்ளை இல்லாதார்க்கு வாழ்நாளில் பயனில்லை என்று பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றில் (188) கூறினான். பெரியாழ்வார் கண்ணனின் பிள்ளைப் பருவத்தை ஒவ்வொரு நிலையாகக் கண்டு பாடினார். அவ்வழியில் பிள்ளைத்தமிழ் தனிச் சிற்றிலக்கிய வகையாக வளர்ந்தது. இப்பாடல்கள் அனைத்திற்கும் அடிப்படையாக ஒன்று அமைந்துள்ளது. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவருக்குப் பொழுது வாய்த்திருக்கிறது என்பதே அது.

அப்பொழுது வாய்க்காத தாயை இலக்கியம் எவ்வாறு கண்டது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஏலப்பாறையைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களின் தமிழ்க் குடும்பச் சூழல் இவ்வினாவுக்குக் களமாகிறது. தாய்ப்பால் ஊட்டல், குழந்தையை உடலோடு ஏந்தல், ஒரே பாயில் உறங்கல் ஆகியவை இன்று 'இயற்கை முறைக் குழந்தை வளர்ப்பு' என்னும் பெயரில் பரிந்துரைக்கப்படுகின்றன. தோட்டத் தாய்க்கு இவை புதியன அல்ல. அவளிடம் இல்லாதிருந்தது பொழுது மட்டுமே. அவளுக்குரிய இலக்கிய முன்மாதிரி யசோதை அன்று, தேவகியே என்பதும், தோட்டத் தாலாட்டுகளை இவ்வுணர்வோடு மீண்டும் படிக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

ஏலப்பாறையும் லயமும்

ஏலப்பாறை, பீருமேடு வட்டத்தில் குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குச் செல்லும் சாலையில் அமைந்த தோட்டச் சிற்றூராகும். பழைய திருவிதாங்கூரின் இம்மலைப்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. காப்பி இலைநோய்க்குப் பின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கம்பம் பள்ளத்தாக்கு, மதுரை, திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் வந்து சேர்ந்தனர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பீருமேடும் தேவிகுளமும் தமிழர் கோரிக்கைக்கு மாறாகக் கேரளத்திலேயே நின்றன. இதனால் இம்மக்களின் வாய்மொழி வழக்காறுகள் இரு மாநில ஆய்வுலகங்களுக்கும் விளிம்பில் அமைந்தன எனலாம்.

தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு இங்கு வழங்கும் பெயர் லயம். ஒரு கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் அமைப்பு இது. சிற்றறையில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருசேரத் துயில்வர். விட்டத்தில் பழஞ்சேலைத் தூளி தொங்கும். தாயும் தந்தையும் சூழ இடையில் புதல்வன் கிடந்த காட்சியை, மறியை இடையிலே கொண்ட மான்களுக்கு ஒப்பிட்டு ஐங்குறுநூற்றின் 'செவிலி கூற்றுப் பத்து' பேசுகிறது. பேயனார் பாடிய முல்லையில் இல்லற இனிமைக்குச் சான்றாக நிற்கும் அக்காட்சி, லயத்தில் இடமின்மையாலும் அமைந்தது. ஒரே வழக்கம் ஓரிடத்தில் இன்பத்தின் குறியாகவும் மற்றோரிடத்தில் நெருக்கடியின் விளைவாகவும் அமைவது நோக்கத்தக்கது. எனவே வழக்கத்தை மட்டும் கொண்டு வளர்ப்பு முறையை மதிப்பிடல் பொருந்தாது. அவ்வழக்கம் நிகழும் பொழுதையும் இடத்தையும் உடன் காண வேண்டும்.

பருவமும் வாரமும்

பிள்ளைத்தமிழின் பருவங்கள் குழந்தையின் வளர்ச்சிப் படிகளை ஒட்டியவை. பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கில் சிறிது வேறுபடினும், தலை நிமிர்த்தித் தவழ முயலும் செங்கீரை ஐந்தாம் மாதத்தையும், கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்தையும், தளர்நடையிட்டு வரும் வருகை ஓராண்டையும் ஒட்டியனவாகக் கொள்ளப்படும். இக்காலக் கணக்கைத் தொழிற்சட்டத்தின் வாரக் கணக்கோடு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகிறது.

1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் தோட்டங்களுக்கும் பொருந்தியது. அது ஊதியத்துடன் கூடிய 12 வார விடுப்பை வழங்கியது. பேற்றுக்கு முன் ஆறு வாரம் எடுத்த தாய்க்குப் பேற்றுக்குப் பின் எஞ்சியது ஆறு வாரமே. எனவே முதற்பருவமாகிய காப்பு நிறைவுறும் முன்னரே அவள் கொழுந்துக் கூடையைத் தோளில் ஏற்ற வேண்டியிருந்தது. செங்கீரையும் சப்பாணியும் வருகையும் பகற்பொழுதில் அவள் காணாதவாறே நிகழ்ந்தன. குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக நல நிறுவனத்தின் அறிவுரை. அவ்வறிவுரைக்கும் ஆறு அல்லது பன்னிரண்டு வார விடுப்புக்கும் இடைப்பட்ட தொலைவைத் தாயின் அறியாமையாகக் கருதுதல் பிழையாகும்.

2017ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. அதில் எட்டு வாரம் வரை பேற்றுக்கு முன் எடுக்கலாம் என்றது. இதனால் செங்கீரைப் பருவத்தையேனும் தாய் காணும் வாய்ப்பு உண்டாயிற்று. எனினும் முன்னரே இரு குழந்தைகள் உள்ள தாய்க்கு விடுப்பு 12 வாரமாகவே நின்றது. குழந்தை 15 மாதம் நிறையும் வரை நாள்தோறும் இரு பாலூட்டல் இடைவேளைகளுக்கும் சட்டம் இடமளித்தது. ஆனால் கொழுந்து எடுக்கும் மலைச்சரிவு காப்பகத்திலிருந்து தொலைவில் இருப்பின், ஏறியிறங்கும் நேரமே இடைவேளையை விழுங்கிவிடும். நிறைக்குக் கூலி என்னும் முறையில் போய்வரும் நேரம் கொழுந்தின் எடையில் குறையும். அக்குறை கூலியிலும் தெரியும். உரிமை ஏட்டில் இருப்பினும் பால் குழந்தையின் வாயைச் சேர்வது தாயின் கால்நடையைச் சார்ந்தே அமைந்தது.

யசோதையும் தேவகியும்

தாய்மையைப் பாடிய பக்திப் பனுவல்களில் திறனாய்வாளர் கருத்து பெரிதும் பெரியாழ்வாரின் யசோதையைச் சுற்றியே அமைந்துள்ளது. தொட்டிலிடல், நீராட அழைத்தல், முலையுண்ண அழைத்தல், பூச்சூட்டல் என அவளது நாள் முழுதும் குழந்தையால் நிறைந்தது. கண்ணனைக் கன்றின் பின் காட்டுக்கு அனுப்பிய ஒரு நாளுக்காக அவள் இரங்குவதும் ஒரு பதிகமாகிறது. ஒரு பகற்பிரிவையே தாங்காத தாய் அவள்.

குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் மற்றொரு தாய் பேசுகிறாள். சேரநாட்டை ஆண்ட அரசராக அறியப்படும் இவ்வாழ்வார், 105 பாசுரங்கள் கொண்ட தம் நூலின் ஏழாம் பதிகத்தைத் தேவகியின் புலம்பலாக அமைத்தார். ஈன்ற இரவிலேயே மகனைப் பிரிந்தவள் தேவகி. அவள் தான் கண்டவற்றைப் பாடவில்லை. காணாதவற்றை எண்ணிப் பாடுகிறாள். தாலாட்டும் பேறு தனக்கு வாய்க்கவில்லை என்று, தாயருள் தன்னைக் கடைப்பட்டவளாகக் கூறிக்கொள்கிறாள். பால் பருகியவாறே குழந்தை தன் முகம் நோக்குவதும், புழுதி படிந்த மேனியோடு ஓடிவந்து தழுவுவதும் தான் இழந்தவை என்கிறாள். உன் தந்தை யார் என்று மகளிர் வினவ, குழந்தை விரலாலும் கடைக்கண்ணாலும் சுட்டிக்காட்டிய பேறு நந்தனுக்கே கிட்டியது, வசுதேவன் பெறவில்லை என்று தந்தையின் இழப்பையும் உடன் உரைக்கிறாள்.

இப்பதிகத்தின் அமைப்பு கருதத்தக்கது. யசோதையின் பாடல் நிகழ்வுகளின் வரிசை எனின், தேவகியின் பாடல் நிகழாதவற்றின் வரிசை. பிள்ளைத்தமிழின் பருவங்களே இங்கு எதிர்மறையில் நிற்கின்றன. அடுத்து வரும் எட்டாம் பதிகம் இராமனுக்குரிய தாலாட்டு. தாலாட்ட இயலாத தாயின் குரலைத் தாலாட்டுக்கு முன்னர் வைத்த இவ்வடைவு, தாலாட்டு எல்லாத் தாயர்க்கும் இயல்பாக வாய்ப்பதன்று, பொழுது வாய்த்தார்க்கே உரியது என்பதை உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

ஏலப்பாறைத் தோட்டத்தில் பகல் முழுதும் கொழுந்தெடுத்த தாய் இத்தேவகியின் வரிசையில் நிற்பவள். இருவருக்கும் வேறுபாடும் உண்டு. தேவகி மகனை ஆண்டுக்கணக்கில் இழந்தாள். தோட்டத் தாய் நாள்தோறும் காலையில் இழந்து மாலையில் பெறுகிறாள். அவளுடைய தாய்மை இடையறவுபட்டது. ஆனால் இற்றுப்போனது அன்று. அவள் மாலையில் பாடும் தாலாட்டு, உறக்கம் வருவிக்கும் பாடலாக மட்டும் அமைவதில்லை. ஒரு பகலின் பிரிவை ஈடுசெய்யும் பாடலாகவும் அமைகிறது.

செவிலியும் ஆயாவும்

பகலில் குழந்தையை ஏந்தியவர் யார்? 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 12ஆம் பிரிவு, 50 பெண் தொழிலாளருக்கு மேற்பட்ட தோட்டங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்க வகைசெய்தது. 1981ஆம் ஆண்டுத் திருத்தம், பெண் தொழிலாளரின் குழந்தைகள் இருபதின்மர் இருந்தாலும் காப்பகம் வேண்டும் என்றது. காப்பகத்தில் குழந்தைகளைக் காத்தவர் ஆயா. காப்பகம் இல்லாதபோதும் போதாதபோதும் பாட்டியோ பள்ளியை விட்டு நின்ற மூத்த மகளோ அவ்விடத்தை நிரப்பினர்.

நற்றாய், செவிலி என்னும் இரு தாயரைத் தமிழ் அகமரபு முன்னரே கண்டது. வளர்த்தவள் செவிலி, பெற்றவளைக் காட்டிலும் மிகுதியாகப் பேசுபவளும் அவளே. எனவே ஆயாவைச் செவிலியின் தொடர்ச்சியாகக் காணத் தோன்றும். ஆயின் பொருளியல் அடிப்படையில் இவ்விருவரும் எதிரெதிர் நிலையினர். செல்வக் குடியின் செவிலி, நற்றாய்க்குப் பொழுதை ஈட்டித் தந்தாள். தோட்டத்து ஆயா, தாயின் பொழுதைத் தோட்டத்துக்கு விடுவித்துத் தந்தாள். ஒரே செயல் உழைப்பு உறவால் வேறு பொருள் பெறுகிறது.

சட்டம் இயற்றப்பட்ட அதே 1951இல், ஜான் பௌல்பி உலக நல நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை வெளிவந்தது. தாயோடோ தாய்க்கு நிலையான மாற்றாக நிற்பவரோடோ குழந்தைக்கு இடையறாத அணுக்கம் வேண்டும் என்று அது வலியுறுத்தியது. மாற்றாக நிற்பவரையும் அவர் விலக்கவில்லை என்பது கருதத்தக்கது. தேவகியும் யசோதையைப் பழிக்கவில்லை. தான் காணாத இன்பத்தின் எல்லையைக் கண்டவள் என்றே அவளைப் போற்றுகிறாள். தாயின் இழப்பை உரைப்பதற்கு ஆயாவின் அன்பைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை.

தோட்டப் புனைகதையும் திறனாய்வும்

தேயிலைத் தோட்டம் குறித்த தமிழ்ப் புனைகதை மரபு வளமானது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', டி. செல்வராஜின் 'தேநீர்' ஆகியவை குறிப்பிடத்தக்கன. தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழியாக்கத்தில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்தது. இவற்றைப் பற்றிய திறனாய்வு கங்காணி, கடன், நோய், பாலியல் சுரண்டல் ஆகியவற்றையே பெரிதும் கணக்கிட்டது. அது இன்றியமையாத பணியே. ஆயினும் கைக்குழந்தையின் பகற்பொழுது அக்கணக்கில் சேரவில்லை.

டேனியலின் நாவலைத் தழுவிப் பாலா இயக்கிய 'பரதேசி' (2013) திரைப்படம், மனைவியும் குழந்தையும் தோட்டத்துக்கு வந்து சேரும் காட்சியோடு முடிகிறது. பிரிந்த குடும்பம் இணைவதே அங்கு பெருந்துயரமாகிறது. குழந்தையும் தோட்டத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது என்பதே காரணம். அக்குழந்தையின் மறுநாட் காலை எவ்வாறு இருக்கும் என்னும் வினாவிலிருந்தே தோட்டக் குழந்தை வளர்ப்பு பற்றிய ஆய்வு தொடங்க வேண்டும்.

தாலாட்டின் கூற்று

தாலாட்டைத் தாயின் நேரடிக் குரலாகக் கொள்வது ஆய்வில் வழக்கம். தோட்டச் சூழல் இவ்வழக்கத்தை ஐயுறச் செய்கிறது. இத்திருவிதாங்கூர் மண்ணில் புகழ்பெற்ற மலையாளத் தாராட்டு, 1813இல் பிறந்த சுவாதித் திருநாளுக்காக இரயிம்மன் தம்பி இயற்றியது. பாடியவர் தாயல்லர், அரசவைப் புலவர். அரண்மனைத் தொட்டிலுக்கே தாய் அல்லாதார் பாட இயலும் எனில், லயத்துத் தூளியை ஆட்டிய பாட்டி, அக்காள், ஆயா ஆகியோரின் பாடலையும் அவரவர் கூற்றாகவே கொள்ள வேண்டும்.

குழந்தையை அடித்தவர் யார் என வினவி மாமன், அத்தை, பாட்டி என உறவுகளை அடுக்குவது தமிழ்த் தாலாட்டின் பொது வாய்பாடு. சமவெளிச் சிற்றூரில் அவ்வுறவினர் அடுத்த தெருவில் இருப்பர். பெயர் சொன்னதும் வந்து தூக்குவர். மலைக்குப் பெயர்ந்த குடும்பத்தில் அப்பெயர்கள் பலவும் மலையடிவாரத்தில் நின்றுவிட்டவை. சீர்கொண்டு வரும் மாமன் பாடலில் வருகிறான். லயத்துக்கு வருவது திருவிழாவுக்கோ சாவுக்கோ. ஆகவே ஒரே வாய்பாடு சமவெளியில் சுற்றத்தின் அறிமுகமாகவும் மலையில் சுற்றத்தின் நினைவாகவும் பொருள்படுகிறது. இலங்கை மலையகப் பாடல்களைத் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளையின் பணி, இடம்பெயர்ந்தோர் பாடலைத் தனிமரபாகக் காண வழிகாட்டியது. இடுக்கி மலைப் பாடல்களுக்கும் அத்தகைய பார்வை தேவைப்படுகிறது.

இதற்குக் களப்பணி முறையிலும் மாற்றம் வேண்டும். தொகுப்புகள் பெரும்பாலும் பாடலையும் ஊரையும் குறிக்கின்றன. தோட்டத் தாலாட்டைப் பதிவோர், பாடுபவர் குழந்தைக்கு என்ன முறை, பாடிய பொழுது எது, அப்பொழுது தாய் எங்கிருந்தாள் என்னும் மூன்றையும் குறித்தல் இன்றியமையாதது. இம்மூன்றும் இன்றித் தோட்டத் தாலாட்டுக்குக் கூற்று வகுக்க இயலாது.

முடிவுரை

2000ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த தேயிலை நெருக்கடியில் பீருமேட்டுத் தோட்டங்கள் பல மூடப்பட்டன. தாயர் வேறு கூலி வேலைகளைத் தேடிச் சென்றனர். செப்டம்பர் 2015இல் மூணாற்றில் தமிழ்ப் பெண் தொழிலாளர் தாமே முன்னின்று நடத்திய போராட்டம், அதுவரை பிறரால் பேசப்பட்டவர் தம் கூற்றைத் தாமே நிகழ்த்தியதாக அமைந்தது. இன்று இடுக்கித் தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம் பகுதித் தொழிலாளரும் குழந்தைகளோடு வாழ்கின்றனர். மொழிகள் மாறினும் காலையில் குழந்தையை ஒப்படைத்து மாலையில் பெறும் நிலை தொடர்கிறது.

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள் பார்ப்பவரின் பொழுதையும் சார்ந்தவை. தோட்டத் தாயின் இலக்கிய முன்னோடி, காணாதவற்றைப் பாடிய குலசேகரரின் தேவகி. இயற்கை முறைக் குழந்தை வளர்ப்பு என்பது அறிவுரையால் மட்டும் அமைவதன்று. தாய்க்குரிய பொழுதைத் தாய்க்கு அளிப்பதால் அமைவது. தாய்மையைப் போற்றும் திறனாய்வு அப்பொழுதையும் கணக்கில் கொள்ளுமாயின், தாயருள் கடைப்பட்டவள் எனத் தன்னைக் கூறிக்கொண்டவளின் குரல் தாலாட்டு ஆய்வில் முதலிடம் பெறும்.