கூத்தின் இரவும் சட்டத்தின் கடிகாரமும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் நோக்கிச் செல்வோர்க்குப் பெருமுக்கல் மலை தொலைவிலேயே புலப்படும். குகைப்பாறையில் தொல்மாந்தர் கீறிய உருவங்கள், சோழர் காலத்துக் கோயில், 1760ஆம் ஆண்டில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய கோட்டையின் சிதைவு ஆகிய மூன்றும் இவ்வொரு குன்றிலேயே உள்ளன. கிழக்கே கடலோரமாக உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. பழந்தமிழர் ஓய்மாநாடு என்று வழங்கிய நிலப்பகுதி இதுவே. இதன் தலைவன் நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது சிறுபாணாற்றுப்படை. அந்நூல் கூறும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் அடங்கும். எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அதில் புரவலன் கலைஞனைத் தேடி வருவதில்லை, விண்ணப்பம் கோருவதுமில்லை. பரிசில் பெற்று மீளும் கலைஞனே வறுமையில் வரும் மற்றொரு கலைஞனுக்கு வழி கூறுகிறான். நம் இலக்கிய வரலாற்றிலும் இதையொத்த நிலை இருந்தது. உமறுப் புலவரைக் கீழக்கரை வள்ளல் சீதக்காதியும், அவருக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும் ஆதரித்திராவிடில் சீறாப்புராணம் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. ஆதரித்தவர் எவர் என்பது அன்று புலவனுக்குத் தெரியும்.

இன்று அவ்விடத்தில் அரசு நிற்கிறது. 1953இல் தில்லியில் சங்கீத நாடக அகாதெமியும், 1955இல் சென்னையில் பின்னாளில் இயல் இசை நாடக மன்றம் எனப் பெயர் மாறிய அமைப்பும் தோன்றின. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கான நலவாரியம் 2007இல் அமைந்தது. விருதும் ஓய்வூதியமும் வழங்கும் இவ்வமைப்புகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் சுதந்திரமாகத் தொழில் செய்யும் கலைஞனின் வாழ்வைத் தீர்மானிக்கும் விதிகள் இவற்றின் ஏடுகளில் எழுதப்படவில்லை. பண்பாட்டுக் கொள்கை என்ற பெயரே இல்லாத வேறு ஏடுகளில் அவை உள்ளன.

இவ்வட்டாரத்தின் கூத்தையே சான்றாகக் கொள்வோம். வடதமிழ்நாட்டில் கூத்துக்குழுவை ‘ஜமா’ என்பர். நமக்கு நெருக்கமான இவ்வரபுச் சொல், திரௌபதையம்மன் திருவிழாவில் ஆடுவோர்க்கு உரியதாகிவிட்டது ஒரு சுவையான செய்தி. ஊரார் வெற்றிலை பாக்கு வைத்து ஜமாவை அமர்த்துவர். இரவு பத்து மணியளவில் தொடங்கும் ஆட்டம் விடிந்த பின்னரே முடியும். பாரதக் கூத்து பத்து நாட்களும் அதற்கு மேலும் நீளும். இறுதி இரவின் பதினெட்டாம் போர், காலையில் மண்ணால் வனைந்த துரியோதனன் உருவத்தின் முன் நிகழும் படுகளத்தில் சென்று முடியும். ஆகவே விடியல் என்பது ஆட்டம் ஓயும் நேரம் மட்டுமன்று. அது கதையின் உறுப்பு.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2000ஆம் ஆண்டில் ஒலிமாசு ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு பன்னிரண்டு வரை தளர்வு அளிக்கலாம். அதுவும் ஆண்டுக்குப் பதினைந்து நாட்களுக்கு மேற்படலாகாது. கணக்கிட்டால் மொத்தம் முப்பது மணி நேரம். கூத்துக்கு அது நான்கு இரவுகளுக்கும் போதாது. 2010இல் செய்த திருத்தம் இசைக்கருவிகளையும் இவ்விதிக்குள் கொண்டுவந்தது. ஒலிபெருக்கியை அறவே நீக்கிவிட்டாலும் முகவீணையும் மிருதங்கமும் தடைக்குள்ளேயே நிற்கின்றன.

இவ்விதியின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. உச்சநீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்த வழக்கிற்கு வித்திட்டது, ஒலிபெருக்கி இரைச்சலில் எவர் செவிக்கும் எட்டாமற் போன ஒரு சிறுமியின் கூக்குரல். நோயாளிக்கும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் விடியுமுன் வேலைக்குச் செல்லும் உப்பளத் தொழிலாளிக்கும் உறக்கம் வேண்டும். மீலாது மேடைகளில் பேச்சாளர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உரையைச் சுருக்குவதை நாமும் கண்டிருக்கிறோம்; அதனால் பெரிதாக ஏதும் கெட்டுவிடவில்லை. உரையைச் சுருக்கலாம். இரவையே வடிவமாகக் கொண்ட கலையைச் சுருக்கினால் எஞ்சுவது வேறொன்று. கூம்பு ஒலிபெருக்கிக்கும் முகவீணைக்கும் வேறுபாடுண்டு என்று விதி வகுத்தோரிடம் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவை கலையின் பெயரால் இயங்கும் துறைகளே. அக்கடமை நிறைவேறியதற்கான தடயம் விதியின் வாசகத்தில் இல்லை.

ஆயினும் பல ஊர்களில் இன்றும் விடிய விடியக் கூத்து நடக்கிறது. சட்டம் இடங்கொடுப்பதால் அன்று. காவலர் கண்டும் காணாதிருப்பதால். ஒருவர் புகார் அளித்தால் போதும், ஆட்டம் பாதியில் நிற்கும். அமர்த்திய ஊர்ப் பெரியவர் நிலையத்தில் கைகட்டி நிற்பார்; ஜமாவுக்குப் பேசிய தொகையில் எவ்வளவு கைக்கு வரும் என்பது அவரவர் நல்லெண்ணத்தைப் பொறுத்தது. உரிமையாகப் பெறவேண்டியதைத் தயவாகப் பெறும் கலைஞனைச் சுதந்திரக் கலைஞன் என்று நம்மால் எவ்வாறு அழைக்க இயலும்?

நாடகத்துறை இதைவிட வெளிப்படையான தளையை அறியும். 1876ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் சட்டத்தை அடியொற்றி 1954இல் சென்னை மாநிலம் இயற்றிய நாடக நிகழ்ச்சிச் சட்டம், பிரதியைக் காவல்துறையிடம் முன்னதாகக் காட்டும் நிலையை உண்டாக்கியது. ‘பரீக்‌ஷா’ குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாதவையாக்கியது. ஏறத்தாழ அறுபதாண்டுகள்! கூத்தின் கட்டியக்காரனோ அவையைப் பார்த்து அவ்வப்போது தோன்றுவதைப் பேசுபவன். எப்பிரதியை அவன் கொண்டுபோய்க் காட்டுவான்?

அமைப்பாளர் நிலையும் இதுவே. புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பத்தார் தம் ஊரிலேயே நாடக விழா நடத்துகின்றனர். காஞ்சிபுரத்தில் 1990இல் கலைஞர்களே கூடி நிறுவிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002 முதல் 2020 வரை குருகுலம் நடத்திச் சிறாருக்குக் கூத்தையும் பள்ளிக்கல்வியையும் சேர்த்தே அளித்தது. இத்தகைய முயற்சிகள் எந்நாளும் நன்கொடையை நம்பியிருப்பவை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தமோ, ஓர் அமைப்பு தான் பெற்றதை மற்றோர் அமைப்புக்குப் பகிர்வதைத் தடுத்தது. நிருவாகச் செலவின் உச்சவரம்பை ஐம்பது விழுக்காட்டிலிருந்து இருபதாகக் குறைத்தது. சிறு கலை அமைப்புக்கு இதன் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2007இல் தொடங்கி இடையில் நின்று, 2023இல் அரசே மீண்டும் நடத்தத் தொடங்கிய சென்னை சங்கமம், கிராமியக் கலைகளைத் தலைநகரப் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. அங்கே கூத்துக்கு ஒதுக்கப்படுவது மாலைப்பொழுதின் ஒரு சிறு துண்டு. நகரத்தார் அதையும் கண்டு மகிழட்டும். ஆனால் பெருமுக்கல் வட்டாரத்தில் ஆடும் ஜமாவின் ஆண்டு வருமானம் மாசி, பங்குனி முதல் ஆடி வரையிலான ஊர்த்திருவிழா இரவுகளில்தான் உள்ளது. தளர்வுக்குரிய பதினைந்து நாட்கள் எவை என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டியது மாநில அரசு. அப்பட்டியலை வகுக்குமுன் கூத்து வாத்தியார்களையும் ஊர்ப் பெரியவர்களையும் அழைத்துக் கேட்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. நள்ளிரவுக்குப் பின்னுள்ள இரவை மீட்கத் தில்லியிடம்தான் பேசியாக வேண்டும். பேச வேண்டியவர்கள் விருதுப் பட்டியல் தயாரிக்கும் அதே அலுவலகத்தில் இருக்கிறார்கள்.