காற்றுக்குப் போட்ட பூட்டு

நியூயார்க்கின் பழைய அடுக்குமாடிகளை ஜனவரிக் குளிரில் அண்ணாந்து பார்த்தால் சில ஜன்னல்கள் திறந்தே கிடக்கும். உள்ளே வெக்கை தாங்கவில்லை என்பதுதான் காரணம். அக்டோபர் முதல் மே வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், பகலில் வீட்டுக்குள் 68 டிகிரியாவது (20 செல்சியஸ்) இருக்க வேண்டும் என்பது அந்நகரச் சட்டம். கீழ் வரம்பு உண்டு. மேல் வரம்பு இல்லை. கடைசி வீட்டின் குளிர் தீரும்வரை கட்டடத்தின் பொது பாய்லர் எரிகிறது; அதற்குள் பக்கத்து வீடுகள் வெந்துவிடுகின்றன.

இதற்குப் பரிகாரமாகச் சொல்லப்படுவது தெர்மோஸ்டாட்டிக் வால்வு. அறை சூடானதும் ரேடியேட்டரைத் தானே அடக்கும் கருவி. இத்தகைய பழைய கட்டடங்கள் பலவற்றில் இருக்கும் ஒற்றைக்குழாய் நீராவி ரேடியேட்டரில் அது சொன்னதைச் செய்கிறதா?

முதலில் அமைப்பைப் பார்க்கலாம். இங்கே ஆவி உள்ளே வருவதும், குளிர்ந்து நீரானபின் திரும்பிப் போவதும் ஒரே குழாயில்தான். ஆவி வர வேண்டுமானால் உள்ளிருக்கும் காற்று இடம்விட வேண்டும். மறுமுனையில் இருக்கும் சிறிய ஏர் வென்ட் அந்தக் காற்றை வெளியேற்றும். ஆவி தொட்டதும் மூடிக்கொள்ளும். குழாய்ப் பக்கத்து வால்வைப் பாதி மூடினால் நீர் திரும்ப வழியின்றித் தேங்கி, வரும் ஆவியோடு மோதும். சுத்தியலால் அடிப்பதுபோல் குழாய் அதிரும். ஆகவே அந்த வால்வு முழுதாகத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுதாக மூடியிருக்க வேண்டும்.

அதனால்தான் தெர்மோஸ்டாட்டிக் வால்வை ஆவியின் பாதையில் வைப்பதில்லை. ரேடியேட்டருக்கும் ஏர் வென்ட்டுக்கும் இடையே வைக்கிறார்கள். அது பூட்டுவது ஆவியை அல்ல, காற்றை. வெளியேற வழியில்லாத காற்று உள்ளேயே நின்று ஆவியை மறிக்கிறது. கருவியின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. அதன் குறையும் இதிலேயே இருக்கிறது.

காற்று ஏற்கெனவே போய்விட்டிருந்தால் என்ன ஆகும்? ஆவி நிறைந்த ரேடியேட்டரில் வால்வு மூடியும் பயனில்லை. நீராகும் ஆவி ஏறத்தாழ 1,700-இல் ஒரு பங்காகச் சுருங்கும். அந்த வெற்றிடத்துக்குக் குழாயிலிருந்து புது ஆவி வந்துகொண்டே இருக்கும். பாய்லர் அணைந்து, வால்வோடு சேர்ந்த வெற்றிடம் உடைக்கும் பகுதி வெளிக்காற்றை உள்ளே விட்ட பிறகுதான் அடுத்த சுற்றில் பூட்டு பலிக்கும். பாய்லர் விட்டு விட்டு எரியும் கட்டடத்தில் இது நன்றாக வேலை செய்யும். மணிக்கணக்கில் ஓயாமல் எரியும் கட்டடத்தில் வெறும் அலங்காரம்.

பொருத்துவது கடினமல்ல, கவனம்தான் தேவை. பாய்லரை அணைத்து, ரேடியேட்டர் ஆறியபின் பழைய வென்ட்டைக் கழற்ற வேண்டும். பெரும்பாலும் அரைக்கால் அங்குல மரை. டெஃப்லான் டேப் சுற்றி வால்வைத் திருகி, அதன்மேல் வென்ட் நேர்குத்தாக நிற்கும்படி வைக்க வேண்டும். வெப்பம் உணரும் தலை கிடைமட்டமாக அறைப் பக்கம் நீண்டிருக்க வேண்டும். அதைத் திரைச்சீலையோ ரேடியேட்டர் மூடியோ மறைத்தால், அறையின் வெப்பத்தை விட்டுவிட்டுத் தன்னைச் சுற்றிய வெப்பத்தையே அளக்கும். அங்கே தனியே தள்ளி வைக்கும் உணரிதான் சரி. பாய்லரை இயக்கும் தெர்மோஸ்டாட் உள்ள அறையில் இதைப் போடவே கூடாது: இரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கும்.

கோளாறு வந்தால் வால்வைக் குறை சொல்லும் முன் மற்றதைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் சூடாகவில்லையா? தலையைக் கழற்றிவிட்டு அடுத்த சுற்றைக் கவனியுங்கள். சூடானால் குறை தலையிலோ அது வைத்த இடத்திலோ இருக்கிறது. அப்போதும் சில்லென்றிருந்தால் வால்வுக்குள் இருக்கும் ஊசி சிக்கியிருக்கலாம், வென்ட் அடைத்திருக்கலாம், ஆவியே வந்து சேராமலும் இருக்கலாம். வென்ட் நீர் துப்பினால் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்; ரேடியேட்டர் குழாய்ப் பக்கம் சற்றே சரிந்திருக்க வேண்டும். அறை வெந்துகொண்டே இருந்தால் பாய்லரின் அழுத்தத்தையும் அது எரியும் நேரத்தையும் பாருங்கள். வீட்டு அமைப்புக்கு 2 பிஎஸ்ஐக்குள்ளான அழுத்தமே தாராளம். கார் டயரில் இருப்பது ஏறத்தாழ 30.

இன்னொன்று, இந்த வால்வு வெப்பத்தைக் கழிக்கும், கூட்டாது. குளிரும் வீட்டுக்கு இதனால் நேரடிப் பயன் இல்லை. அதற்கு முதன்மைக் குழாய்களில் பெரிய வென்ட் வைத்து, ஆவி எல்லா வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். அதன்பின் பாய்லர் எரியும் நேரத்தைக் குறைக்கலாம். இந்த இரண்டையும் செய்யாமல் வீடுதோறும் வால்வு மாட்டினால் குடியிருப்பவருக்குச் சற்றே சுகம் கிடைக்கலாம். எரிபொருள் கணக்கில் பெரிய மாற்றம் இராது.

என் தீர்ப்பு இதுதான்: கருவி நல்லது, ஆனால் அது மூன்றாவது வேலை. முதலில் முதன்மைக் குழாயின் காற்று, அடுத்து பாய்லரின் நேரமும் அழுத்தமும். அதன்பிறகும் எந்த அறையில் ஜன்னல் திறந்திருக்கிறதோ, அந்த அறைக்கு மட்டும் இந்த வால்வு போதும்.