பச்சை விளக்குகளின் வேலை

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதி. வரவேற்பு மேசைக்குக் கீழே எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்று பச்சையாய்க் கண்சிமிட்டுகிறது. பில் பிரிண்டர் மக்கர் பண்ணினால்தான் அதன் நினைவே வரும்.

தொடக்கத்தில் அதற்கு ஒன்றும் தெரியாது. கணினி ஒரு ஃபிரேமை (தரவுத் துண்டை) அனுப்பியதும், அனுப்பிய கருவியின் 48 பிட் மேக் முகவரி எந்த போர்ட் வழியே வந்தது என்று குறித்துக்கொள்ளும். பெறும் கருவி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையா? வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அனுப்பிவிடும். பிரிண்டர் ஒருமுறை பதில் சொன்னால் போதும், அதன் இடமும் பதிவாகிவிடும். பொதுவாக 300 விநாடி பேச்சுமூச்சு இல்லையென்றால் பதிவு அழிந்துவிடும். கெட்டிக்காரத்தனமான மறதி!

ஸ்விட்ச் விடுதிக்குள் மட்டும் பார்க்கும்; விடுதியை இணையத்தோடு இணைக்கும் ரவுட்டரின் பார்வையோ மலைக்கு வெளியே. சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுச் சாலையில் மண் சரிந்தால், வண்டிகள் குப்பனூர் வழியாகத் திரும்பும். மாற்று இணைப்பு இருந்தால் ரவுட்டரும் அப்படித்தான் தன் வழி அட்டவணையைத் திருத்திக்கொள்ளும். விடுதி ரவுட்டருக்குச் சில வரிகளே போதும். இணையத்தின் முதுகெலும்பு ரவுட்டர்களிலோ ஐபிவி4 வழிகள் மட்டும் 9 லட்சத்துக்கு மேல். போய்ச் சேர வேண்டிய முகவரிக்குப் பல வரிகள் பொருந்தினால், அதிக பிட்கள் பொருந்தும் வரிக்கே முதலிடம்.

ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகினால், ஃபிரேம்கள் சுற்றிச் சுற்றி வலையமைப்பையே முடக்கிவிடும். இதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் 1985-இல் ஸ்பேனிங் ட்ரீ முறையை வகுத்தார். மலிவான ஸ்விட்சுகள் பலவற்றில் அது கிடையாது. செருகும் முன் மறுமுனை எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள்.